சுருதி இறக்கிய டிரம்ஸ் வரி

ஏளா,

இதைக் கையால் எழுதுகிறேன். கடையில் மூன்று கம்ப்யூட்டர் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன வந்தது என்று நீ சிரிப்பாய். கம்ப்யூட்டரில் அடித்தால் திருத்திக்கொண்டே இருப்பேன். ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்து, கடைசியில் என்மேல் தப்பே இல்லாதது போல ஒரு கடிதம் அச்சாகி வெளியே வரும். பேனாவால் எழுதினால் அடித்த இடமாவது தெரியும். உன் கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்கு முன் இது உன் கையில் வந்துவிட வேண்டும்.

நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் மாப்பிள்ளை உன்னிடம், "நீங்க கோயில்ல டிரம்ஸ் வாசிப்பீங்களாமே?" என்று கேட்டார். நல்ல பையன், உண்மையிலேயே ஆசையாகத்தான் கேட்டார். நீ இலையைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் வெளையாட்டுக்குத் தட்டுனதுங்க. எனக்கு அது வராதுன்னு மெட்ராஸ்ல பெரிய ஆளுங்களே எழுதிக் குடுத்துட்டாங்கல்லா" என்றாய். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தண்ணீர்ச் செம்போடு உன் பின்னால் நின்றிருந்த நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம். அன்றைக்கு நான் பந்தியில் உட்காரவே இல்லை. கல்யாண அலைச்சல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மெட்ராஸ்காரர்கள் பார்த்த தப்பு நான் செய்த தப்பு. அது எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும். இந்தக் கடிதத்தின் சாரம் அவ்வளவுதான். மீதியை நீ வாசித்தாலும் சரி, வாசிக்காவிட்டாலும் சரி, எழுத வேண்டியது என் பொறுப்பு.

அப்போது நீ காலேஜில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாய். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு டிரம்ஸ் வந்த புதிது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒரு குடும்பம் காணிக்கையாகக் கொடுத்தது. "கோயிலுக்குள்ள கொட்டு அடிக்கதா? நாளைக்கு வாணவேடிக்கையும் விடுவியளா?" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் எழுந்து நின்று கேட்டார். வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர எனக்கும் அந்தக் கருத்துதான். நான் கொயர் நடத்துகிறவன். எனக்குப் பாட்டு என்றால் நாலு குரல்: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். வேண்டுமானால் துணைக்கு ஒரு கீபோர்டு. டிரம்ஸ் வாசித்த பையன் தூத்துக்குடியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், ஆல்டோ வரிசையில் உன்னைக் காணோம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். கோயிலில் வைத்து உன்னை அதட்ட முடியாது. வீட்டுக்கு வந்து அதட்டலாம் என்றிருந்தேன். ஆனால் நீ வாசித்தது நன்றாக இருந்தது. அதை அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நன்றாக இருந்தது.

நம் வண்ணார்பேட்டைக் கடையில் இசைக்குறி அச்சடிக்கிற மென்பொருளைப் புதிதாக ஏற்றியிருந்த நேரம் அது. கல்யாணப் பத்திரிகையும் பள்ளிக்கூட வினாத்தாளும் அடித்துக்கொண்டிருந்த கடையில் திடீரென்று ஐந்து கோடும் இசைக்குறிகளும் அச்சாகி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஜில்லாவிலேயே பாட்டை நோட்டேஷனோடு கம்ப்யூட்டரில் அடிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று கேட்டவரிடமும் சொன்னேன், கேட்காதவரிடமும் சொன்னேன். அப்படி இருக்கையில் நீ ஒரு நாள் உன் டிரம்ஸ் வாசிப்பைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, "இதையும் ஏத்துங்கப்பா" என்றாய். ஏற்றினேன். ஓட விட்டால் பூனை பியானோ மேல் ஓடுகிற சத்தம் வந்தது. வினாத்தாள் வாங்க வந்திருந்த வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். "இதான் உன் கொட்டா?" என்று கேலி செய்தேன். நீ கோபப்படவில்லை. மென்பொருளோடு வந்த தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் புரட்டி, டிரம்ஸுக்கென்று தனியாக ஒரு சத்த வழி இருக்கிறது, அந்த வரியை அதில் திருப்பிவிட வேண்டும் என்று கண்டுபிடித்தாய். சிம்பலுக்கு உருண்டைத் தலை கூடாது, பெருக்கல் குறி போல இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக மவுஸால் பிடித்து மாற்றினாய். வெளியே பஸ் போகிறபோதெல்லாம் திரை நடுங்கும். கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பாய்.

அன்று நீ எனக்கு விளங்கச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பா, பாடுதவங்களுக்கு அஞ்சு கோட்டுல மேல போனா குரல் ஏறும், கீழ வந்தா எறங்கும். டிரம்ஸுக்கு அப்படிக் கெடையாது. எந்த எடத்துல குறி இருக்கோ, அந்த டிரம்ம அடிக்கணும். வீட்டு நம்பர் மாதிரி. கீழ் இடைவெளில இருந்தா காலால அடிக்கிற பெரிய டிரம். மூணாவது இடைவெளில இருந்தா ஸ்னேர். எல்லாத்துக்கும் மேல நின்னா சிம்பல். அதான் இந்த வரிக்குச் சுருதிக்குறியே போடக் கூடாதுங்கேன்." நான் தலையை ஆட்டினேன். சுருதிக்குறியையும் எடுத்துவிட்டேன். விளங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் மரியாதை இல்லாமல் கேட்ட பாடம் மனத்தில் நிற்காது என்பதை அந்த வயதிலும் நான் தெரிந்துகொள்ளவில்லை. பாட்டை ஓட்டிப் பார்க்கிறபோது டிரம்ஸ் வரியின் சத்தத்தை நான் எப்போதும் அடைத்துவிடுவேன். உனக்கு அது தெரியாது.

மெட்ராஸ் இசைப்பள்ளிக்கு விண்ணப்பம் போட நீ கேட்டபோது நான் மறுக்கவில்லை. கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன், அதனால்தான். மூன்று பாட்டுகள், எல்லாக் குரலோடும் கருவியோடும் முழுதாக எழுதி அச்சிட்டு அனுப்ப வேண்டும். நீ ஒன்றரை மாதம் உழைத்தாய். மூன்றாவது பாட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள டிரம்ஸ் மட்டும் நான்கு தாளக்கட்டம் பேசும். "இது என்ன, கொயர் நடுவுல தூங்கிட்டா?" என்றேன். "மூச்சு விடுதாங்கப்பா" என்றாய். அந்தப் பாட்டில் சோப்ரானோ ஒரு இடத்தில் ரொம்ப மேலே போகிறது, ஒரு படி இறக்கு என்றேன். "வேண்டாம்பா, அது எட்டிப் பிடிக்கணும். எட்டிப் பிடிக்கததான் அதுல அழகு" என்றாய். கடைசிப் படியை வரிவரியாகப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 'சரி' என்று எழுதி உன் கையெழுத்தையும் போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனாய். அதேபோல் சுத்தமாக ஒரு படி அச்செடுத்து அனுப்புவது என் வேலை.

மத்தியானம் தபாலில் சேர்க்கக் கவருக்குள் வைக்கப் போனவன் வைக்கவில்லை. சோப்ரானோ அந்த இடத்தில் கீச்சிடுவது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் என் கை படாமல் எதுவும் கடையை விட்டுப் போகக் கூடாது என்பது என் சீக்கு. உன் அம்மா வைத்த குழம்பில்கூட வாயில் வைக்காமலே உப்புப் போடுகிறவன் நான். அந்தப் பாட்டை மட்டும் திறந்து, மவுஸால் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கி, ஒரு முழுப் படி கீழே இறக்கினேன். ஓட்டிக் கேட்டேன். நான்கு குரலும் சுகமாக இருந்தன. அச்செடுத்தேன். உன் கையெழுத்துப் போட்ட தாள்களை உன் மேசையிலேயே வைத்துவிட்டு, புதுத் தாள்களை மற்ற இரண்டு பாட்டுகளோடு ரெஜிஸ்டர் தபாலில் போட்டேன்.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். மொத்தத்தையும் கறுப்பாக்கியபோது அடியில் இருந்த டிரம்ஸ் வரியும் கறுப்பாகியிருந்தது. மென்பொருளுக்கு அதுவும் ஒரு குரல்தான். சொன்ன வேலையைச் செய்தது. இடைவெளியில் இருந்த பெரிய டிரம் கோட்டில் போய் உட்கார்ந்தது. ஸ்னேர் நடுக்கோட்டுக்கு வந்தது. மேலே நின்ற சிம்பல் ஐந்தாவது கோட்டில் இறங்கிக் குத்தவைத்தது. எல்லோரையும் பக்கத்து வீட்டில் குடிவைத்துவிட்டேன். அது போதாதென்று, அந்த வரிக்குச் சுருதிக்குறி இல்லாததால் மென்பொருள் தானாகவே கட்டத்துக்குக் கட்டம் ஃபிளாட் குறி போட்டிருந்தது. சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்கிற குறி, டிரம்முக்கு! தாளில் ஒரு தடவை கண்ணை ஓட்டியிருந்தால் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் அந்த வரியைப் பார்க்கவில்லை. கொட்டுக்கு எவன் சுருதி பார்ப்பான் என்று இருந்துவிட்டேன்.

இது வரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும். இனி எழுதப்போவது வேறு.

இரண்டு மாதம் கழித்துக் கடை விலாசத்துக்குப் பதில் வந்தது. உன் பேருக்கு வந்த கவரை நான் பிரித்தேன். உள்ளே இரண்டு கடிதத் தாளும், திருப்பி அனுப்பிய மூன்றாவது பாட்டும் இருந்தன. முதல் தாளில், டிரம்ஸ் எழுத்துமுறையின் அடிப்படையே விண்ணப்பதாரருக்குத் தெரியவில்லை, அதனால் தேர்வு செய்ய இயலவில்லை என்று இருந்தது. நீ பார்த்தது அந்த ஒரு தாளைத்தான். இரண்டாவது தாள் பரிசோதகர் தன் கைப்பட எழுதியது. மற்ற இரண்டு பாட்டுகளிலும் எழுத்து சுத்தமாக இருக்கிறது, மூன்றாவதில் மட்டும் ஏன் இப்படி என்று விளங்கவில்லை, அச்சில் நேர்ந்த பிழை என்றால் பதினைந்து நாளுக்குள் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். பாட்டுத் தாளில் ஃபிளாட் குறிகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். கொயர் மூச்சு விடுகிற அந்த நான்கு கட்டத்தின் ஓரத்தில், 'இது அருமை. யோசித்து எழுதியது' என்று இருந்தது. தப்பான வீட்டில் குடியிருந்தும் உன் தாளத்தை அந்த மனிதர் அடையாளம் கண்டுபிடித்திருக்கிறார். கூடவே இருந்த நான் கண்டுபிடிக்கவில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் கறுப்பாக்கி ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. பதினைந்து நாளும் நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ சாயங்காலம் வந்து அதே கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக் கொடுத்தாய். நான் சொல்லவில்லை. ஏன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஜில்லாவில் ஒருத்தன் என்று பீற்றிக்கொண்டவன் டிரம்முக்கு ஃபிளாட் போட்டான் என்று வெளியே தெரிந்தால் மானம் போகும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. அந்தத் தாளைத் திருத்தி அனுப்பினால் உனக்கு இடம் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மெட்ராஸில் தனியாக, கொட்டு அடிக்கிற பெண் என்று பேர் வாங்கி, நாளைக்கு எவன் கட்டுவான் என்ற பயம். கர்த்தரே பார்த்து வழியை அடைத்தார் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அடைத்தது நான். அவர் பேரில் எழுதினேன்.

முதல் தாளைக் கொடுத்த அன்று நீ அழவில்லை. உன் கையெழுத்துப் போட்ட படியை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று நாள் தப்பைத் தேடினாய். அதில் தப்பு இருந்தால்தானே கிடைக்கும்? நாலாம் நாள் கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். "அப்பா, எனக்கு ஒரு தப்பும் தெரியலப்பா. தப்பு இருக்கதுகூடத் தெரியலன்னா நான் எவ்வளவு பெரிய மக்கா இருக்கணும்?" என்றாய். ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். "வாசிக்கது வேற, எழுதுதது வேறம்மா, எல்லாருக்கும் எல்லாம் வராது" என்றேன். பதினைந்து நாளில் ஆறாவது நாள் அது. அடுத்த ஞாயிறு நீ ஆல்டோ வரிசைக்குத் திரும்பிப் போய் நின்றாய். கமிட்டிப் பெரியவர் என் தோளைத் தட்டி, "இப்பந்தான் பாக்கதுக்கு லெச்சணமா இருக்கு" என்றார். நானும் ஆமாம் என்றேன். பிறகு நீ பி.எட். படித்தாய், டீச்சரானாய், நல்ல டீச்சர் என்று பேரும் எடுத்தாய். ஆனால் எந்தக் காரியத்தையும் முடித்த பிறகு நாலு தடவை திருப்பிப் பார்க்கிறாயே, கேஸை அடைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்க்கிறாயே, பரீட்சைத் தாளில் மார்க்கைக் கூட்டிவிட்டு அம்மாவையும் கூட்டச் சொல்கிறாயே, அது நீ பிறந்த குணம் இல்லை. அந்த மூன்று நாளில் வந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நிச்சயம் முடிந்த மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "இத்தன வருசமா எங்கிட்டயும் மறைச்சிருக்கிய" என்றாள். கொஞ்சம் கழித்து, "கல்யாணம் முடியட்டும். நாலு வருசம் வாய மூடிட்டு இருந்தவிய இன்னும் எட்டு பத்து நாளு இருக்க முடியாதா? பிள்ள மொகம் வாடிட்டா நாலு பேரு என்ன கேப்பாவ?" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் எப்போது உனக்குத் தெரிய வேண்டும் என்பதை நானே முடிவு செய்துதான் இவ்வளவும் வந்தது. இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

பாலத்துப் பக்கம் இருக்கிற பூத்திலிருந்து மெட்ராஸுக்கு எஸ்டிடி போட்டுப் பேசினேன். அந்தப் பரிசோதகர் இப்போது அங்கே இல்லை. எடுத்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டாள். "இருபத்திரண்டு வயசுக்கு மேல எடுக்க மாட்டோம் சார்" என்றாள். உனக்கு இருபத்து நான்கு. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தால், ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எதையாவது சரி செய்துவிட்டு உன்னிடம் வரலாம் என்று பார்த்தேன். வெறுங்கையோடு வந்திருக்கிறேன். இரண்டாவது தாளும் பென்சில் வட்டம் போட்ட பாட்டும் இதோடு இருக்கின்றன. அவை உன்னுடையவை.

தகப்பன் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, இருந்தாலும் பட்டவன் சொல்கிறேன். அடுத்த மாதம் மஸ்கட் போய்க் குடும்பம் நடத்தப் போகிறாய். அவர் பேருக்கு வருகிற கவரை நீ பிரிக்காதே, உன் பேருக்கு வருவதை அவர் பிரிக்க விடாதே. அன்பினால் பிரித்தேன் என்பார்கள், நம்பாதே, நானும் அன்பினால்தான் பிரித்தேன். ஒருவர் 'சரி' என்று கையெழுத்துப் போட்டு வைத்ததில் கை வைக்காதே, உனக்கு அது எவ்வளவு கீச்சிட்டாலும். உனக்குப் பிடிக்காத வரி எதுவோ அதை முதலில் பார். யாராவது உன்னிடம் உனக்கு வராது என்று சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறாய், அந்தத் தாளைக் காட்டு என்று கேள். நீ அன்று என்னிடம் கேட்டிருந்தால் காட்டியிருப்பேனா என்று தெரியவில்லை. காட்டியிருப்பேன் என்று எழுத ஆசை. எழுதினால் பொய்.

மன்னிப்பாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், கல்யாண வீட்டில் வேறு என்ன செய்வாய்? திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வரும். நம் வழக்கப்படி கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் தகப்பன்தான் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். நேற்று சித்தப்பாவைக் கூட்டிப்போய் அவனுக்கும் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தேன். "எனக்கு எதுக்குண்ணே கோட்டு? பிள்ளைய நீங்கதான கூட்டிட்டுப் போவிய?" என்றான். "இருக்கட்டும்லே, தச்சு வையி" என்றேன். அவனுக்குக் காரணம் தெரியாது, தெரியவும் வேண்டாம். யார் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பதை நீ யோசித்துச் சொல். அன்று காலையில், வாசலில் கார் வந்து நின்ற பிறகு சொன்னாலும் போதும். சித்தப்பா பேரைச் சொன்னால் நான் முன்னாலேயே சைக்கிளில் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். யார் கேட்டாலும் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்கிறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அப்பா